சொந்தமாக மெடிக்கல் ஷாப் வைக்க வேண்டும், வாடகைக் கடைகளைக் காலி செய்ய வைப்பது எப்படி?

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விவரம் புரியும். வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் உங்கள் அப்பா பெயரில் மாடிக் கட்டடம் இருக்கிறது. கீழே மூன்று கடைகள்: ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு தையல் கடை, மூலையில் ஒரு டீக்கடை. மூவரும் பதினைந்து வருடங்களுக்கு மேல் இருக்கிறார்கள். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, வாடகை நோட்டில் மாதாமாதம் கையெழுத்து மட்டும்தான். நீங்கள் டி.ஃபார்ம் முடித்துவிட்டு வேறொருவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறீர்கள். சொந்தமாக மெடிக்கல் ஷாப் வைக்க வேண்டும், சித்தப்பா முதல் போடுகிறார். காலி செய்யச் சொன்னால் யாரும் அசையவில்லை. "இடமும் எங்களுடையது, தேவையும் எங்களுடையது, இதில் கோர்ட்டுக்கு என்ன வேலை?" என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள்: போன வருடம் வாடகையை ஏற்றித் தரச் சொல்லி அப்பா வக்கீல் நோட்டீஸ் விட்டார், காட்பாடியில் உங்களுக்கு இன்னொரு கடை காலியாக இருக்கிறது.

உங்கள் வழக்கு நிற்குமா விழுமா என்பது அந்தக் கடைசி இரண்டு விஷயத்தில்தான் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், எந்தச் சட்டம், எந்த இடம் என்று பார்த்துவிடுவோம்.

ஊரில் இன்னும் எல்லோரும் 'ரென்ட் கன்ட்ரோல்' என்றுதான் சொல்கிறோம். அந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 22.2.2019 முதல் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. அந்தத் தேதிக்கு முன்பே போட்ட வழக்குகள் மட்டும் பழைய சட்டப்படி ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் எண்ணில் ஆர்.சி.ஓ.பி. என்று இருக்கும். புதியவற்றுக்கு ஆர்.எல்.டி.ஓ.பி. நீங்கள் இனிமேல்தான் மனு போடப் போகிறீர்கள் என்பதால் உங்களுக்குப் புதிய சட்டம்தான். கடைகள் எத்தனை வருடப் பழையவை என்பது இதை மாற்றாது. (கோயில் கடை, வக்பு கடை, மாநகராட்சிக் கடை வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். அவற்றுக்கு வழி வேறு.)

புதிய சட்டத்தில் இரண்டு இடங்கள் உண்டு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது போன்ற வேலைகள் துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம். காலி செய்ய உத்தரவு வேண்டுமென்றால் வாடகை நீதிமன்றம். சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீசும் கோர்ட்டும் கிட்டக்கிட்ட இருப்பதாலோ என்னவோ, திங்கள்கிழமை மனுநாள் கூட்டத்தில் வரிசையில் நின்று "கடையைக் காலி செய்து தாருங்கள்" என்று மனு கொடுக்கிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு ரசீது கிடைக்கும், அவ்வளவுதான். போலீஸ் ஸ்டேஷனும் அப்படியே. இது சிவில் தகராறு, அவர்களுக்கு இதில் வேலை இல்லை. அப்படியும் யாராவது ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பேசி முடித்துத் தருகிறேன் என்று வந்தால், அந்தப் பேச்சு நாளைக்கு உங்களுக்கு எதிரான சாட்சியமாகத் திரும்பும்.

சரி, காலி செய்யக் கேட்பதற்கு என்ன காரணங்களைச் சட்டம் ஏற்கிறது? வாடகை பாக்கி, அனுமதி இல்லாமல் உள்வாடகை விடுவது, இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவது, இடித்துக் கட்டுவது, உரிமையாளரின் சொந்தத் தேவை என்று ஒரு வரிசை இருக்கிறது. அதில் முதலிலேயே நிற்பது, இரு தரப்பும் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது. உங்களிடம் ஒப்பந்தம் இல்லை அல்லவா? எனவே எந்த வக்கீலிடம் போனாலும் முதலில் இதைத்தான் சொல்வார்: "தேவை கீவை எல்லாம் நிரூபிக்கவே வேண்டாம் சார், அக்ரிமென்ட் இல்லை என்ற ஒரே காரணத்தில் போட்டுவிடலாம்." அவர் சொல்வது தவறில்லை. பல வழக்குகள் அப்படித்தான் போகின்றன, பலிக்கவும் செய்கின்றன.

ஆனால் உங்கள் விஷயத்தில் அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்தக் காரணத்தை வலுவாக்குவதற்காக, "இத்தனை ரூபாய் வாடகைக்கு வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்" என்று முதலில் ஒரு நோட்டீஸ் விடச் சொல்வார்கள். அவர்கள் வரவில்லை, ஆகவே தவறு அவர்களுடையது என்று காட்டுவதற்காக. அந்த நோட்டீஸ் போன நொடியே உங்கள் சொந்தத் தேவை அடிபடுகிறது. நிஜமாகவே கடை உங்களுக்கு வேண்டுமென்றால், அதே கடைக்குப் புது வாடகையில் ஒப்பந்தம் போட ஏன் கூப்பிட்டீர்கள்? எதிர்த்தரப்பு வக்கீல் வேறு எதுவும் கேட்க வேண்டாம், இதை ஒன்றைக் கேட்டால் போதும். என் கருத்து இது: ஒப்பந்தம் இல்லை என்ற காரணத்தையும் மனுவில் ஒரு பத்தியாகச் சேருங்கள், ஆனால் அதற்காகப் புதிதாக நோட்டீஸ் எதையும் விடாதீர்கள். மனு முழுவதும் சொந்தத் தேவையின் மேல் நிற்கட்டும், அது ஒன்றுதான் காரணம் என்பது போல எழுதப்பட வேண்டும். இடையில் அவர்களாகவே வந்து மூன்று வருட ஒப்பந்தம் போடலாம் என்று கேட்டால், வாடகை ஆசையில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அப்புறம் அந்த மூன்று வருடத்துக்கு அவர்களைத் தொடுவது கஷ்டம்.

இப்போது தேவைக்கு வருவோம். பழைய சட்டம் போய்விட்டாலும், சொந்தத் தேவையை எப்படி எடைபோடுவது என்று நீதிமன்றங்கள் எழுதிவைத்தவை போய்விடவில்லை. உச்ச நீதிமன்றம் பிரதிவா தேவி வழக்கில், தன் தேவை என்னவென்று உரிமையாளருக்குத்தான் நன்றாகத் தெரியும், இப்படி இருந்துகொள் அப்படி இருந்துகொள் என்று நீதிமன்றம் அவருக்குச் சொல்லத் தேவையில்லை என்றது. 1999-இல் சிவ் சரூப் குப்தா வழக்கில், நீதிபதி உரிமையாளரின் நாற்காலியில் தன்னை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும், அங்கிருந்து பார்க்கும்போது அந்தத் தேவை இயல்பானதாக, நேர்மையானதாகத் தெரிகிறதா அல்லது வாடகைதாரரை வெளியேற்றச் சொல்லும் சாக்கா என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் உங்களுக்கு நல்ல செய்தி. மெடிக்கல் ஷாப் லாபமாக நடக்குமா, இதே தெருவில் ஏற்கெனவே எத்தனை கடை இருக்கிறது என்றெல்லாம் வாடகைதாரர் கேட்க முடியாது. டி.ஃபார்ம் படித்த ஒருவர் சி.எம்.சி. பக்கத்தில் இருக்கும் தன் சொந்தக் கட்டடத்தில் மருந்துக்கடை வைக்க நினைப்பதைவிட இயல்பான தேவை இந்த ஊரில் என்ன இருக்கிறது? நீதிபதியை நம்ப வைக்க நீங்கள் அதிகம் பேசவே வேண்டாம்.

நீங்களே உங்கள் பேச்சைக் கெடுக்காமல் இருந்தால் போதும். நான் பார்த்தவரை சொந்தத் தேவை வழக்குகளில் உரிமையாளர் தோற்பது தேவை இல்லாததால் அல்ல. அவருடைய பழைய தாளும் புதிய மனுவும் ஒன்றோடொன்று சண்டை போடுவதால்தான்.

அந்த நோட்டீசையே எடுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் வாடகையை ஏற்றச் சொன்னீர்கள், அவர்கள் மறுத்தார்கள், இந்த வருடம் கடையே எனக்கு வேண்டும் என்கிறீர்கள். வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும், கேட்டதைக் கொடுக்காத கோபம் என்றுதான் தோன்றும். இதை மறைத்து மனு போட முடியாது, நோட்டீசின் நகல் அவர்களிடம் இருக்கிறது. எனவே நீங்களே முந்திக்கொண்டு மனுவில் சொல்லிவிடுங்கள். எப்போது நோட்டீஸ் விட்டோம், அப்போது உங்கள் நிலை என்ன, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று தேதியோடு சொல்லுங்கள். நோட்டீஸ் போனபோது உங்கள் படிப்பு முடியவில்லை அல்லது மருந்தாளுநராகப் பதிவு ஆகவில்லை என்றால், பதிவுச் சான்றிதழில் இருக்கும் தேதியே உங்களுக்காகப் பேசும். பதிவு அதற்கு முன்பே ஆகிவிட்டது என்றால் கொஞ்சம் சிக்கல்தான். அப்படியானால் இந்த மாதமே மனு போட ஓடாதீர்கள். வங்கியில் கடனுக்குப் போனீர்களா, மொத்த வியாபாரிகளிடம் பேசினீர்களா, மர வேலைக்கும் ரேக்குக்கும் மதிப்பீடு வாங்கினீர்களா? இல்லாத தேவையை உண்டாக்கச் சொல்லவில்லை. இருக்கிற தேவைக்குக் கையில் தாள் இல்லாமல் போகாதீர்கள் என்கிறேன்.

பழைய சட்டத்தில் உரிமையாளரோ குடும்பத்தாரோ "நடத்திவரும்" தொழிலுக்காக என்று இருந்தது. அதை வைத்து, இன்னும் தொடங்காத தொழிலுக்கு எப்படிக் கேட்கலாம் என்று வாதாடினார்கள். தொடங்குவதற்கான உண்மையான ஏற்பாடு நடந்திருந்தால் போதும் என்று நீதிமன்றங்கள் சொல்லி வந்தன. அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் எதிர்த்தரப்பில் முதல் கேள்வி இதுதான் வரும்: "லைசென்ஸ் வாங்கிவிட்டீர்களா?" மருந்துக்கடைக்கு இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. படிவம் 20, 21-இல் கொடுக்கும் சில்லறை விற்பனை உரிமம் ஆளுக்கு மட்டும் கொடுப்பதல்ல, குறிப்பிட்ட ஒரு இடத்துக்காகக் கொடுப்பது. அந்த இடம் உங்கள் கையில் இருக்கிறது என்று காட்டினால்தான் விண்ணப்பமே நகரும். டீ ஆற்றிக்கொண்டிருக்கும் கடைக்கு மருந்து உரிமம் எப்படி வாங்க முடியும்? கூண்டில் நின்று இதைத் தடுமாறாமல் சொல்லுங்கள்.

அதே உரிம விதியில் உங்களுக்கு எதிரான ஒன்றும் இருக்கிறது. சில்லறை மருந்துக்கடைக்குக் குறைந்தபட்சம் 10 சதுர மீட்டர் வேண்டும், அதாவது சுமார் 108 சதுர அடி. சில்லறையும் மொத்தமும் சேர்த்துச் செய்தால் 15 சதுர மீட்டர். உங்கள் கடைகள் ஒவ்வொன்றும் பத்துக்குப் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கடையே 120 சதுர அடி ஆகிவிட்டது. அப்படியானால் மூன்றும் எதற்கு?

இந்தக் கேள்விக்கு இன்றைக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். குறைந்தபட்ச அளவு என்பது உரிமத்துக்கான கணக்கு, வியாபாரத்துக்கான கணக்கு அல்ல என்று சொல்லலாம், சரிதான். ஆனால் மூன்று வாடகைதாரர்கள் என்றால் மூன்று மனு. ஒவ்வொரு மனுவிலும் அந்தக் குறிப்பிட்ட கடை ஏன் வேண்டும் என்று தனியாக வர வேண்டும். மூலைக்கடையில் விற்பனை, நடுவில் சரக்கு, அடுத்ததில் ரத்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் இடம் என்று நிஜமாகவே திட்டம் இருந்தால், ஒரு இன்ஜினியரிடம் வரைபடம் போட்டு வையுங்கள். நடுச்சுவரை எடுத்தால் மேல்மாடி தாங்குமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். அப்படி ஒரு திட்டம் இல்லை, மூன்றும் கிடைத்தால் நல்லது என்ற ஆசை மட்டும்தான் என்றால், ஒன்றையோ இரண்டையோ மட்டும் கேளுங்கள். ஒன்றுக்குக் கேட்பவரை நீதிபதி நம்புவது போல மூன்றுக்கும் கேட்பவரை நம்புவதில்லை. ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், குறைந்த வாடகை தருபவரைத் தேர்ந்தெடுத்தது போலத் தெரியக்கூடாது. மூலைக்கடை என்றால் இரண்டு பக்கமும் ரோடு, ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர் கண்ணில் படும் என்ற காரணம் யாருக்கும் புரியும்.

குறுக்கு விசாரணையில் இது எப்படி வரும் என்று ஒரு மாதிரி காட்டுகிறேன். வக்கீல் மெதுவாகத்தான் ஆரம்பிப்பார்.

"இன்சுலின் எல்லாம் வைக்க ஃப்ரிட்ஜ் வேண்டுமே, எந்தக் கடையில் வைப்பீர்கள்?"

"அது... ஏதாவது ஒரு கடையில் வைப்போம்."

"மூன்று கடைக்கும் நடுவில் சுவர் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அதை என்ன செய்யப் போகிறீர்கள்?"

"அப்பாவைத்தான் கேட்க வேண்டும்."

பிறகு வருவது வழக்கமான வாசகம்: வாடகையை உயர்த்தித் தராததால்தான் பொய்யாக இந்த வழக்கைப் போட்டிருக்கிறேன் என்று சொன்னால் சரியல்ல. சாட்சி சரியல்ல என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். ஆனால் அதற்கு முன்னால் சொன்ன மூன்று பதிலில் கடை அவருக்கு வேண்டியதில்லை என்பது பதிவாகிவிட்டது. அதனால்தான் அப்பா மட்டும் சாட்சி சொல்லிவிட்டு வந்தால் போதாது என்கிறேன். மனு அவர் பெயரில் இருக்கும், உரிமையை அவர் சொல்வார். தேவை உங்களுடையது, கூண்டில் ஏறி நீங்கள்தான் சொல்ல வேண்டும். பவர் கொடுத்து வேறொருவரை அனுப்புகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் மனதில் இருக்கும் திட்டத்தைப் பவர் ஏஜென்ட் தன் சொந்த அறிவாகச் சொல்ல முடியாது.

மகனுடைய தேவை அப்பாவின் தேவை ஆகுமா என்ற சந்தேகம் வேண்டாம். பழைய சட்டத்திலேயே குடும்பத்தார் என்றால் கணவன் அல்லது மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளை, சார்ந்திருக்கும் பெற்றோர் என்று இருந்தது. 2002-இல் ஜோகிந்தர் பால் வழக்கில், ஆடிட்டரான மகனின் ஆபீசுக்காக அப்பா கேட்டதையும் அவருடைய "சொந்த உபயோகம்" என்றே உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஆனால் கவனித்தீர்களா, அந்தப் பழைய பட்டியலில் தம்பி இல்லை. சித்தப்பா கடன் கொடுக்கிறாரா, பங்காளியா என்பதை வழக்குக்கு முன்பே உங்களுக்குள் முடிவு செய்யுங்கள். கடன் என்றால் ஒரு தாளில் எழுதி வங்கி மூலம் வாங்குங்கள். பங்காளி என்றால், இது சித்தப்பாவின் கடை, மகன் பெயர் சும்மா முகப்புக்கு என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

காட்பாடிக் கடை. பல பேர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், எதிர்த்தரப்பு சொத்து வரி ரசீதோடு வந்து நிற்கிறது. காட்பாடி இன்றைக்கு வேலூர் மாநகராட்சிக்குள்தான் இருக்கிறது, ஆகவே "வேறு ஊர்" என்றும் சொல்ல முடியாது. மனுவிலேயே அந்தக் கடையின் இடம், அளவு எல்லாவற்றையும் எழுதி, அது ஏன் இந்தத் தொழிலுக்கு ஆகாது என்று சொல்லிவிடுங்கள். பாலாற்றைத் தாண்டி, ஆஸ்பத்திரிச் சீட்டோடு யாரும் மருந்து வாங்க அங்கே வரப்போவதில்லை. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கியிருக்கிற நோயாளி, டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் எதிரில் இருக்கிற கடையில்தான் வாங்குவார். காந்தி ரோட்டில் பெங்காலி எழுத்தில் போர்டு வைத்திருக்கும் கடைகளைப் பார்த்தவர் எவருக்கும், நீதிபதி உட்பட, இதை விளக்கத் தேவையில்லை. சொன்னால் அது உங்கள் வாதம். சொல்லாமல் மாட்டிக்கொண்டால் அதே கடை உங்கள் பொய். வழக்கு முடியும்வரை காட்பாடிக் கடையை என்ன செய்வது என்றும் கேட்கலாம். வாடகைக்கு விடாதீர்கள் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனால் மனு போட்ட அடுத்த வாரமே விட்டால் நன்றாக இருக்காது.

அப்புறம் அந்த வாடகை நோட்டு. அதை ஒருநாள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டின இடம், கையெழுத்து, 2020-இல் கொரோனா ஊரடங்கு மாதங்களில் காலியாக விட்ட கட்டங்கள், அவற்றுக்குப் பிறகு ஓரத்தில் பென்சிலில் எழுதின கணக்கு எல்லாம் அதில் இருக்கும். கையெழுத்து எங்கேயாவது மாறியிருக்கிறதா? ஜெராக்ஸ் கடைக்கு முதலில் ஒருவர் கையெழுத்து, சில வருடங்களுக்குப் பிறகு இன்னொருவர் என்றால், அவர் மகனா, வேலையாளா, உள்வாடகைக்காரரா என்று தெரிந்தாக வேண்டும். பகடி, அதாவது கடையை விட்டுக்கொடுக்க ஒரு தொகை, வாங்கிக்கொண்டு கடையைக் கைமாற்றிவிட்டுப் போவது நம் பக்கத்தில் அதிசயமில்லை. வாடகைதாரர் இறந்து பிள்ளைகள் நடத்தினால், வாரிசுகள் எல்லோரையும் மனுவில் சேர்க்க வேண்டும். வியாபார வாடகை உரிமையும் வாரிசுகளுக்குப் போகும் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவரை விட்டுவிட்டு உத்தரவு வாங்கினால், காலி செய்யும் நாளில் அந்த ஒருவர் வந்து நிற்பார்.

மனு நடக்கும்போது வாடகையை வாங்க மறுக்காதீர்கள். வாங்கினால் உரிமை போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மணியார்டரைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வழக்குக்குப் பாதகமில்லாமல் பெற்றுக்கொண்டது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். இதைப் படிக்கிற கடைக்காரர்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வழக்கு வந்த கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். சொந்தத் தேவையை நிரூபிக்க உரிமையாளர் பாடுபட வேண்டும். நீங்கள் இரண்டு மாதம் பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்தும் கட்டாமல் இருந்தால், அந்தப் பாட்டை அவருக்கு மிச்சம் பண்ணிவிடுகிறீர்கள்.

கரண்டைப் பிடுங்குவது, தண்ணீர்க் குழாயை அடைப்பது, ராத்திரியில் வேறு பூட்டுப் போடுவது, கடை வாசலில் ஜல்லி கொட்டுவது எதுவும் வேண்டாம். அவசிய வசதிகளைத் துண்டிப்பதைச் சட்டம் நேரடியாகவே தடுக்கிறது. பலவந்தமாக வெளியேற்றினால், குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 6-ஆவது பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அவர் திரும்ப உள்ளே வந்துவிடலாம். அந்த வழக்கில் உங்கள் பத்திரம் பட்டா எதையும் பார்க்க மாட்டார்கள். அவர் அங்கே இருந்தாரா, சட்டப்படி இல்லாமல் வெளியேற்றினீர்களா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

எவ்வளவு காலம் ஆகும்? புதிய சட்டம் சில மாதங்களில் முடிக்கச் சொல்கிறது. நடப்பில் வருடக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாடகை நீதிமன்றத்துக்குப் பிறகு வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு, அதற்குப் பிறகு அரசியல் சாசனத்தின் 227-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றம் என்று படிகள் இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் 2001-இல் முடித்த கயா பிரசாத் வழக்கில், டாக்டரான மகனுக்கு கிளினிக் வைக்க அப்பா கேட்டார். வழக்கு முடிவதற்குள் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, மகன் அதற்குள் அரசு வேலைக்கே போய்விட்டார். தேவை தீர்ந்துவிட்டது என்று வாடகைதாரர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. மனு போட்ட நாளில் தேவை இருந்ததா என்பதுதான் முக்கியம், இடையில் நடந்தது அந்தத் தேவையை முழுக்க விழுங்கிவிடும் அளவுக்கு இருந்தால் மட்டுமே கணக்கில் வரும் என்றது. எனவே வழக்கு நடக்கும்போது வயிற்றுப்பாட்டுக்காக நீங்கள் இப்போது இருக்கும் கடையிலேயே வேலையைத் தொடர்வதால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் அதே தெருவில் வேறு கடை வாடகைக்கு எடுத்து மெடிக்கல் ஷாப்பைத் தொடங்கிவிட்டால், அது வேறு கதை. வாடகைக் கடையில் நடத்துகிறவருக்குச் சொந்தக் கட்டடம் வேண்டும் என்று வாதாடலாம், வலுவான வாதம்தான். ஆனால் மனுவைத் திருத்தி அதைச் சொல்லியாக வேண்டும்.

மேல்முறையீட்டில் ஸ்டே கேட்கும் வாடகைதாரருக்கு, இன்றைய சந்தை வாடகையைக் கட்டச் சொல்லி நிபந்தனை போடலாம் என்று 2004-இல் ஆத்மா ராம் பிராப்பர்ட்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதினைந்து வருடப் பழைய வாடகையில் இருப்பவருக்கு இது பெரிய தொகை. அவர்கள் தரப்பு வக்கீலுக்கும் இது தெரியும். பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது உங்களுக்குக் கை கொடுப்பது இதுதான்.

பேசத்தான் வேண்டும். மூவரும் ஒன்றாக நிற்பது போலத் தெரிந்தாலும் மூவரின் கவலையும் ஒன்றல்ல. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஆஸ்பத்திரிக் கூட்டம்தான் வியாபாரம், பாஸ்போர்ட்டும் ரிப்போர்ட்டும் நகல் எடுக்க வருகிறவர்கள் இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றுமில்லை. அதே சுற்று வட்டாரத்தில் இடம் கிடைக்காமல் அவர் நகர மாட்டார். இடம் தேடிக் கொடுக்க நீங்களும் அலைந்தால் வழக்குச் செலவைவிடக் குறைவாக முடியும். டீக்கடைக்காரர் காசு கேட்பார், கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் கணக்கு. தையற்காரருக்கு வாடிக்கையாளர் தேடி வருவார்கள், பின்தெருவில் மாடியில் இருந்தாலும் வருவார்கள். அவருக்கு வேண்டியது அவகாசம்தான். தீபாவளிக்கு முன் காலி செய்யச் சொன்னால் எந்தத் தையற்காரரும் சம்மதிக்க மாட்டார், துணி வாங்கி அடுக்கி வைத்திருப்பார். அந்த சீசன் முடிந்து பொங்கலுக்குப் பிறகு என்று தேதி சொன்னால் பேச்சு நகரும்.

எது பேசினாலும் வெறும் முத்திரைத்தாளில் எழுதி வாங்கி பீரோவில் வைக்காதீர்கள். அதை வைத்து, உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் அமீனாவைக் கூப்பிட முடியாது. மனு நிலுவையில் இருக்கும்போது இரு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டு மெமோ போட்டு நீதிமன்ற உத்தரவாக வாங்குங்கள், அல்லது லோக் அதாலத்தில் முடியுங்கள். அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது, கோர்ட் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம், கட்டின கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். மெமோவில் காலி செய்யும் தேதி, அதுவரை வாடகை, அட்வான்ஸ் தொகை எவ்வளவு, எந்த நாளில் திருப்பித் தருவீர்கள், இ.பி. பாக்கி யாருடையது என்று எல்லாம் வர வேண்டும். அட்வான்சைத் தனியாக எடுத்து வையுங்கள். சாவி கொடுக்க வருகிறவரிடம் அடுத்த மாதம் தருகிறேன் என்று சொன்னால் அவர் சாவியோடு திரும்பிப் போவார், அது நியாயமும்கூட.

கடைசியாக, கடை கைக்கு வந்த பிறகு. பழைய சட்டத்தில், சொந்தத் தேவை என்று வாங்கிய கட்டடத்தில் ஒரு மாதத்துக்குள் உரிமையாளர் குடிபுகவில்லை என்றாலும், புகுந்து ஆறு மாதத்துக்குள் காரணமின்றி விட்டுவிட்டாலும், வாடகைதாரர் திரும்பக் கேட்க வழி இருந்தது. அந்த அளவையே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு கடை மட்டும் கிடைத்தால், மற்ற இரண்டும் வரட்டும் என்று பூட்டி வைக்காதீர்கள். உடனே உரிமத்துக்கு விண்ணப்பித்து அந்த ஒரு கடையிலேயே வியாபாரத்தைத் தொடங்குங்கள். பூட்டின கடையின் போட்டோவைவிட நல்ல சாட்சியம் மற்ற இருவருக்கும் கிடைக்காது.

நோட்டீசின் நகல், வாடகை நோட்டு, பத்திரம், சொத்து வரி ரசீது, காட்பாடிக் கடையின் விவரம், உங்கள் பதிவுச் சான்றிதழ் இவை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். வாடகை ஏற்ற நோட்டீஸ் விட்ட அதே வக்கீலாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் புது மனுவை எழுதும் முன் அவர் எழுதிய பழைய நோட்டீசை அவரையே ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.